மறைத்தலின் அழகும் மறைத்தலின் பிழையும்

கலையைப் பற்றிப் பேச்செடுத்தால் நம் வீடுகளில் முதலில் எழுகிற கேள்வி, 'கூடுமா, கூடாதா?' என்பதே. ஒரு முஸ்லிம் கேட்க வேண்டிய கேள்விதான் அது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக மதரஸாவில் ஓதிக் கொடுத்து வருகிற நான் அதனைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆயினும் அக்கேள்விக்கு விடை கிடைத்தவுடன் நம் பணி முடிந்துவிட்டதாக எண்ணிப் புத்தகத்தை மூடிவிடுகிறோம். அதற்குப் பின்னும் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு படைப்பும் சிலவற்றைக் காட்டுகிறது, பலவற்றை மறைக்கிறது. கேமராவை ஒரு பக்கம் திருப்பினால் மறுபக்கம் மறைந்துதான் போகும். கவிஞன் ஒரு சொல்லை எடுத்தால் ஒன்பது சொற்களை ஒதுக்கித்தான் எடுக்கிறான். இந்தப் படைப்பு எதை மறைத்தது? எந்த நிய்யத்தோடு மறைத்தது? இதுவே அந்த இரண்டாவது கேள்வி. இதனை நான் நூல்களிலிருந்து கற்கவில்லை; என் வீட்டில் நான் செய்த ஒரு தவற்றிலிருந்து கற்றேன்.

1992-இல் என் தங்கையின் நிக்காஹ் அருப்புக்கோட்டையில் நடந்தது. அதற்கு முந்தைய ஆண்டுதான் ஸனது பெற்று, தலைப்பாகை கட்டி ஊர் திரும்பியிருந்தேன். அந்த வயதில் கல்வியைவிடக் கல்வியின் செருக்கு அதிகம். என் மைத்துனர் ஒரு படக்காரரை அழைத்து வந்திருந்தார். பெண்கள் இருந்த பக்கம் அவர் வருமுன்பே வாசலை மறித்து நின்று திருப்பி அனுப்பினேன். உள்ளே என் தாயார் வெள்ளைத் துப்பட்டியைச் சரி செய்துகொண்டு, மணப்பெண்ணின் அருகில் அமர்ந்திருந்தார்கள். மகளோடு ஒரு படம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று ஆசைப்பட்டிருக்கிறார்கள் என்பது எனக்குப் பின்னர்தான் தெரியும். அப்போது அவர்கள் சொன்னது இவ்வளவே: "சரி தம்பி, நீ ஓதுனவன். நீ சொன்னாச் சரிதான்."

1995-இல் அவர்கள் மவுத்தானார்கள். வாக்காளர் அடையாள அட்டை எங்கள் வீட்டுக்கு வந்து சேருமுன்பே போய்விட்டார்கள். ஹஜ்ஜுக்குப் போகும் வசதி இல்லாததால் பாஸ்போர்ட்டும் எடுத்ததில்லை. ஆகவே இவ்வுலகில் அவர்களுடைய படம் ஒன்றுகூட இல்லை.

நான் அன்று சொன்னது அடியோடு ஆதாரமற்றது என்று கூற வரவில்லை. அல்லாஹ்வின் அழகிய திருநாமங்களுள் 'அல்முஸவ்விர்', உருவமளிப்பவன், என்பதும் ஒன்று. இன்றைய அரபு மொழியில் ஓவியனையும் புகைப்படக்காரனையும் குறிக்க வழங்குவதும் அதே சொல்தான். படைப்பவனுக்குரிய ஒரு சொல்லைப் படைக்கப்பட்டவன் சுமந்து திரியும்போது உலமாப் பெருமக்கள் தயங்கியதில் வியப்பென்ன? ஆனால் பார்சி மொழியினர் புகைப்படத்திற்கு வேறொரு சொல்லை எடுத்துக்கொண்டனர். 'அக்ஸ்' என்பது அச்சொல். அரபியிலிருந்து போன அச்சொல்லுக்குப் பிரதிபலிப்பு என்பது பொருள். முன்னதில் புகைப்படம் ஒரு படைப்பு; பின்னதில் கண்ணாடியில் விழும் பிம்பம். ஒரு நூற்றாண்டு விவாதம் முழுவதும் இவ்விரு சொற்களுக்கிடையே அடங்கிவிடும்.

எகிப்தின் முஃப்தியாக இருந்த ஷைகு முஹம்மது பகீத் அல்முதீஈ அவர்கள் 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே, கேமரா எதையும் படைப்பதில்லை, நிழலைப் பிடித்து நிறுத்துகிறது, அவ்வளவே என்று வாதிட்டு அதனை அனுமதித்தார்கள். நம் நாட்டு உலமாக்களில் பலர் அதனை ஏற்கவில்லை. கையால் வரைந்தாலும் கருவியால் பிடித்தாலும் உருவம் உருவமே என்றனர். இரு தரப்பாரும் கற்றவர்கள். இரு தரப்பாரும் அஞ்சியது ஒன்றைத்தான்: படம் வணக்கத்திற்குரியதாகிவிடக் கூடாது. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் வீட்டில் உருவங்கள் பொறித்த திரை தொங்கியதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வெறுத்ததும், அத்திரை கிழிக்கப்பட்டுத் தலையணைகளானதும் ஹதீஸ் நூல்களில் உண்டு. அதே அன்னையார் இளமையில் வைத்து விளையாடிய சிறகுள்ள குதிரைப் பொம்மையைக் கண்டு நாயகம் சிரித்ததும் ஹதீஸ் நூல்களில் உண்டு. முதல் நிகழ்ச்சியை மட்டும் மனனம் செய்துகொண்டு நான் வாசலில் நின்றேன்.

கேமராவின் பாட்டனாரே நம்மவர் என்பதையும் அன்று நான் அறிந்திருக்கவில்லை. பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம் (965 - சுமார் 1040), சிறு துளை வழியே இருண்ட இடத்தில் நுழையும் ஒளியை ஆராய்ந்தவர். கிரகண காலத்தில் அத்துளை வழியே விழும் சூரியனின் பிறை வடிவத்தைப் பற்றித் தனி நூலே எழுதினார். இருட்டு இருந்தால்தான் பிம்பம் விழும் என்பது அவர் காட்டிய பாடம். மறைப்பின்றிக் காட்சி இல்லை. கலைக்கும் இது பொருந்தும்.

எங்கள் ஊருக்குக் கிழக்கே குண்டாற்றங்கரையில் இருக்கிற திருச்சுழியை எடுத்துக்கொள்வோம். ரமண மகரிஷி 1879-இல் பிறந்த ஊர் அது. சமயத்தால் நமக்கு வேறுபட்டவராயினும் மண்ணால் நம் அண்டை வீட்டார். 1950 ஏப்ரலில் திருவண்ணாமலையில் அவர் மறைந்தபோது, ஃபிரான்சு நாட்டின் புகழ்பெற்ற புகைப்படக் கலைஞர் ஆன்றி கார்த்தியே பிரெஸ்ஸோன் அங்கே இருந்தார்; அவருடைய இறுதி நாட்களைப் படமெடுத்தார். மிகக் குறைவாகவே பேசிய ஒரு மனிதரின் முகம் உலகெங்கும் சென்று சேர்ந்தது புகைப்படத்தால்தான். நான் அப்படங்களை வணங்குபவன் அல்லன். ஆயினும் நோயுற்ற ஒரு முதியவரின் முகத்தைப் பார்க்கும்போது, இவ்வளவு அடக்கமாகவும் கேமரா நடந்துகொள்ள முடியுமா என்று வியந்திருக்கிறேன். நிழலைப் பிடிப்பது பாவமா என்ற கேள்வி அங்கே எழவில்லை. எந்த மனத்தோடு பிடித்தார் என்பதே முன்னே வந்து நிற்கிறது.

இனி, மறைத்தலையே கலையாக்கிய ஒரு படைப்பைப் பார்ப்போம். சிரியாவின் அலெப்போவில் பிறந்த முஸ்தபா அக்காத் இயக்கி 1976-இல் வெளிவந்த 'தி மெஸேஜ்' படத்தை, வளைகுடாவிலிருந்து விடுப்பில் வந்த உறவினர் வீட்டில் வீடியோ கேசட்டில் பார்த்தேன். ஒரே அரங்குகளில் ஆங்கிலத்திலும் அரபியிலும் இரண்டு முறை எடுக்கப்பட்ட படம் அது. ஹம்ஸா (ரலி) அவர்களின் பாத்திரத்தை ஆங்கிலத்தில் ஆண்டனி குவின் ஏற்றார். அரபியில் அப்துல்லா கைத் ஏற்றார். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வரலாற்றைச் சொல்லும் அப்படத்தில் நாயகத்தின் உருவம் இல்லை, நிழல் இல்லை, குரலும் இல்லை. எதிரே நிற்பவர்கள் கேமராவை நோக்கிப் பேசுகிறார்கள். கிடைத்த மறுமொழியை அவர்களே திருப்பிச் சொல்கிறார்கள். மதீனாவுக்குள் நுழையும் காட்சியில் வரவேற்கிற மக்களின் முகங்களையே பார்க்கிறோம். அம்முகங்களில் படிகிற வெளிச்சத்தைக் கொண்டு, வந்தவர் யார் என்று அறிந்துகொள்கிறோம். சூரியனை நேரே பார்க்க முடியாதவன் சுவரில் விழும் வெயிலைப் பார்த்துப் பொழுதறிவதைப் போன்றது அது. மரியாதையால் பிறந்த மறைப்பு, மறைக்கப்பட்டதைப் பெரிதாக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

குறையும் சொல்ல வேண்டும். நடுவில் இருப்பவரைக் காட்ட முடியாததால் கதையின் பாரம் ஹம்ஸா (ரலி) அவர்களின் வாளின் மேல் ஏறிவிட்டது. பத்ரும் உஹதும் கண்முன் விரிகின்றன. ஹிரா குகையின் தனிமை விரியவில்லை. படைகளைப் பிடித்த கேமராவுக்கு அந்தத் தனிமை பிடிபடவில்லை. உள்ளே நடப்பதைச் சொல்ல மொழிதான் வேண்டும்.

இப்படத்தின் பின்கதையும் படிப்பினைக்குரியது. 1977 மார்ச்சில் வாஷிங்டன் நகரில் ஆயுதமேந்திய சிலர் மக்களைப் பிணையாகப் பிடித்து வைத்து, இப்படம் நிறுத்தப்பட வேண்டும் என்பதையும் தம் கோரிக்கைகளில் ஒன்றாக வைத்தனர். 2005-இல் அம்மான் நகர விடுதிகளில் நடந்த குண்டுவெடிப்பில் அக்காதும் அவருடைய மகளும் உயிரிழந்தார்கள். மார்க்கத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்தவர்களே அக்கொலையைச் செய்தார்கள். நாயகத்தின் முகத்தைக் காட்டக் கூடாது என்பதில் அவ்வளவு பேணுதலாக இருந்த மனிதருக்கு அந்த முடிவு. உருவத்திற்கு அஞ்சுகிற நாம் உயிருக்கு அஞ்ச மறந்துவிடக் கூடாது.

படத்தால் ஆகாதது மொழியால் ஆகும் என்றேன். அருப்புக்கோட்டையிலிருந்து பந்தல்குடி வழியாகத் தெற்கே சென்றால் எட்டயபுரம். சீறாப்புராணம் தந்த உமறுப்புலவர் அடங்கியிருக்கும் ஊர். ஐயாயிரத்துக்கு மேற்பட்ட விருத்தங்களில் அப்புலவர் நாயகத்தின் வாழ்வைப் பாடினார். நாட்டுப் படலத்தில் அரபு நாட்டுக்கு மழையும் வெள்ளமும் வயலும் நெல்லும் தருகிறார். அரபு நாட்டில் ஏது நெல் வயல் என்று என் மாணவர்கள் ஆண்டுதோறும் கேட்பதுண்டு. காப்பிய மரபு அது என்று விடை சொல்லி வந்தேன். கரிசல் மண்ணில் பலமுறை மழை பொய்த்ததைப் பார்த்த பிறகு வேறு விதமாகவும் தோன்றுகிறது. வறண்ட பூமியில் வாழ்ந்த புலவர், தம்மால் இயன்ற மிகப் பெரிய அன்பளிப்பைத் தம் நாயகத்தின் நாட்டுக்குக் கொடுத்திருக்கிறார். அவர் கொடுத்தது தண்ணீரை. பாலையை மறைத்துப் பசுமையைப் பாடியதைப் பொய் என்று தள்ள என் மனம் ஒப்பவில்லை. நேசத்தால் பிறந்த மறைப்பு அது.

ஆயினும் அதற்கொரு விலை உண்டு. மரபின் நீர்வளம் எட்டயபுரத்துக் கரிசலையும் சேர்த்து மூடிவிட்டது. இந்தக் கறுப்பு மண்ணும் கம்பங்கூழும் தமிழ் எழுத்தில் உரிய இடம் பெற, இடைசெவலில் பிறந்த கி. ராஜநாராயணனும் அவர் வழியில் பூமணியும் வர வேண்டியிருந்தது.

பூமணி எழுத்தோடு நிற்கவில்லை. தீப்பெட்டித் தொழிலில் வாடும் பிள்ளைகளைப் பற்றிக் 'கருவேலம் பூக்கள்' என்ற படத்தை இயக்கினார். பெரிய அரங்குகளில் அதிகம் பேர் பார்க்காத படம். எங்கள் பகுதியைப் பார்த்துப் பழகிய கண்களுக்கு அதில் பொய் தெரியாது. விருதுநகரைச் சேர்ந்த வசந்தபாலன் 2006-இல் எடுத்த 'வெயில்' படத்திலும் இந்த மண்ணின் சூடு இருந்தது. ஆனால் பொதுவாகத் திரைப்படங்களில் எங்கள் சீமை எப்படி வருகிறது? சீமைக் கருவேலங்காடு, சுட்டெரிக்கும் வெயில், கையில் அரிவாள். ஐப்பசியில் முதல் மழை விழுந்து கரிசல் மணக்கும் நாளும், கண்மாய் நிறைந்த அன்று ஊரே கரையில் நின்று பார்ப்பதும், கரிமூட்டத்தின் அருகே இரவெல்லாம் விழித்திருப்பவனின் கண்களும், தறிச் சத்தத்தோடு விடிகிற அருப்புக்கோட்டைத் தெருக்களும் எங்கே போயின? அவற்றை மறைத்தது மரியாதையும் அல்ல, நேசமும் அல்ல, அலட்சியம்.

திரையின் வலிமையை அருப்புக்கோட்டை மக்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 1977-இல் எம்.ஜி.ஆர். இத்தொகுதியில் வென்றுதான் முதலமைச்சரானார். அத்தகைய வலிமையுள்ள திரை, தமிழ் முஸ்லிமை எப்படிக் காட்டியது என்பதையும் பார்க்க வேண்டும். 1961-இல் வந்த 'பாவ மன்னிப்பு' படத்தில் சிவாஜி கணேசன் ரஹீமாக நடித்தார். அதில் டி.எம். சௌந்தரராஜனும் நாகூர் ஹனீபாவும் இணைந்து பாடிய பாடலை இன்றும் நம் பெருநாள் வீடுகளில் கேட்கலாம். மிகைகள் இருப்பினும் நம்மை அண்டை வீட்டாராகப் பார்த்த படம் அது. வேறு பல படங்களில் வந்த முஸ்லிமோ, குஞ்சம் வைத்த தொப்பி அணிந்து, எந்த ஊரிலும் யாரும் பேசாத கொச்சைத் தமிழ் பேசினான். வீட்டில் தமிழன்றி வேறு மொழி அறியாத நம் பெரியவர்கள் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டுத்தான் வந்தார்கள். பின்னர் 1992-இல் வந்த 'ரோஜா'வில், எரியும் தேசியக் கொடியை அணைக்கக் கதாநாயகன் அதன்மேல் விழுகிறான். அதே வேளையில் ஒருவன் தொழுதுகொண்டிருக்கிறான். தொழுகையையும் தீயையும் ஒரே மூச்சில் காட்டிய அந்த வெட்டும் ஒட்டும், எந்த வசனமும் செய்யாததைச் செய்துவிட்டது. இயக்குநரின் திறமையை மறுக்க மாட்டேன். அத்திறமைதான் கவலை தருவது. தொழுகிற கோடிக்கணக்கானோர் அச்சட்டத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டனர்.

வேறு விதமாகவும் காட்ட முடியும். ஈரான் நாட்டு இயக்குநர் மஜீத் மஜீதி 1997-இல் எடுத்த 'சொர்க்கத்தின் குழந்தைகள்' படத்தை நம் குடும்பங்கள் பிள்ளைகளோடு அமர்ந்து பார்க்க வேண்டும். 2022-இல் 'அக்கா குருவி' என்ற பெயரில் தமிழிலும் அக்கதை வந்தது. அண்ணனும் தங்கையும் ஒரே ஜோடிக் காலணியை மாற்றி மாற்றி அணிந்து பள்ளிக்குச் செல்லும் கதை. அதில் ஒரு சிறு காட்சி. ஏழைத் தந்தை, பள்ளிவாசலுக்குரிய சர்க்கரைக் கட்டிகளை வீட்டில் உடைத்துக்கொண்டிருக்கிறார். மகள் தேநீர் கொண்டு வருகிறாள். அவர் சர்க்கரை கேட்கிறார். முன்னால்தான் குவியலாக இருக்கிறதே என்கிறாள் சிறுமி. அது பள்ளிவாசலுடையது என்கிறார் தந்தை. அவ்வளவுதான் காட்சி. அமானிதம் என்ற பாடத்தை நான் வகுப்பில் பல நாட்கள் நடத்துகிறேன். அம்மனிதர் ஒரு குவளைத் தேநீரில் நடத்திவிட்டார். இதே மஜீதி 2015-இல் நாயகத்தின் இளமையைப் பற்றி ஏ.ஆர். ரஹ்மான் இசையோடு பெரும் பொருட்செலவில் ஒரு படம் எடுத்தார். முகத்தைக் காட்டாமல் உருவத்தைப் பின்னிருந்து காட்டிய அப்படம் இங்கே பெரும் சர்ச்சைக்குள்ளானது. என்னைக் கேட்டால், அப்பெரிய படத்தைவிட அந்தச் சர்க்கரைக் குவியலில்தான் மார்க்கம் தெளிவாகத் தெரிகிறது.

பிறரை மட்டும் குறை கூறிப் பயனில்லை. நம்மைப் பற்றி நாம் எழுதாமல் இருந்தால் மற்றவர் எழுதியதுதான் நிற்கும். தோப்பில் முஹம்மது மீரான் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை'யில் நம் வாழ்வின் பெருமையையும் புழுதியையும் சேர்த்தே எழுதினார். கதவுக்கு உள்ளிருக்கும் பெண்களின் மூச்சை ஸல்மா 'இரண்டாம் ஜாமங்களின் கதை'யில் எழுதினார். இருவர்மீதும் நம்மில் பலர் சினந்தோம். வீட்டு விஷயத்தை வெளியே சொல்லலாமா என்றோம். வெட்கத்தால் மறைத்ததை மரியாதையால் மறைத்ததாகச் சொல்லிக்கொண்டோம். நிய்யத்து என்ற சொல்லைத் தொழுகைக்கும் நோன்புக்கும் மட்டும் ஒதுக்கிவிட்டோம். படைப்பவனும் படிப்பவனும் அதனை வைத்துத் தம்மைத் தாமே நிறுத்துப் பார்க்கலாம். நாயகத்தின் முகத்தை அக்காத் மறைத்தது மரியாதையால்; அது அழகாயிற்று. பாலையை உமறு மறைத்தது நேசத்தால், அது கவிதையாயிற்று. எங்கள் சீமையையும் எங்கள் மக்களையும் திரை மறைத்தது அலட்சியத்தால், அது அநீதியாயிற்று. என் தாயாரின் முகத்தை நான் மறைத்தது எதனால்?

மார்க்கப் பேணுதலால் என்றுதான் நெடுநாள் சொல்லிக்கொண்டிருந்தேன். ஊரார் முன்னிலையில் நான் ஓதியவன் என்று காட்டும் ஆசையும் அதில் கலந்திருந்தது என்பதை இந்த வயதில் ஒப்புக்கொள்கிறேன். கருத்து வேறுபாடுள்ள ஒரு மஸ்அலாவில், எதிர்த்துப் பேச மாட்டாத ஒருவர்மீது, கடினமான தரப்பைச் சுமத்தினேன். ஒரு படம் எடுத்திருந்தால் மார்க்கம் தேய்ந்திருக்காது.

சென்ற ரமளானில் என் மகளின் மகள் கேட்டாள்: "நன்னா, உங்க அம்மா எப்படி இருப்பாங்க?" சொல்லத் தொடங்கினேன். நெசவாளர் வீடுகளுக்குத் தார் சுற்றிக் கொடுத்ததால் வலக்கை விரலில் விழுந்திருந்த நூல் தழும்பு, துப்பட்டியின் முனையை எப்போதும் பல்லால் கடித்துக்கொள்ளும் வழக்கம், ஸஹருக்கு எழுப்பும்போது கதவைத் தட்டாமல் தாழ்ப்பாளை மட்டும் இரண்டு முறை அசைக்கும் மென்மை, எல்லாம் சொன்னேன். அரபியும் தமிழும் கற்ற நாவல்லவா? நன்றாகவே சொன்னதாக எண்ணினேன். பிள்ளை எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "முகத்த மட்டும் நீங்க சொல்லவே இல்லையே நன்னா."

எனக்கு அதுவரை தெரியாது. முகத்தைச் சொல்ல முயன்றேன். முப்பது ஆண்டுகளில் அது கரைந்து போயிருக்கிறது.